வகுப்பறைத் தொழில்நுட்பம்: ஆசிரியருக்கு எந்த வழியில் பயிற்சி தருவது?

ஒரு பள்ளி கணினிகளையோ தொடுதிரைப் பலகைகளையோ கற்றல் செயலிகளையோ வாங்க முடிவெடுக்கும்போது, அவற்றின் விலை, உத்தரவாதக் காலம், பழுதுபார்க்க யார் வருவார்கள் என்பதெல்லாம் பல கூட்டங்களில் அலசப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தப்போகும் ஆசிரியர்களுக்கு எவ்வகையான பயிற்சி தருவது என்ற கேள்வி மட்டும் கடைசிக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. "ஒரு நாள் பயிலரங்கு வைத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைக்க, பேச்சு முடிந்துவிடும். ஆசிரியர் பயிற்சியிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்த முடிவை இவ்வளவு எளிதாக எடுத்துவிடக் கூடாது என்று கருதுகிறேன். பயிலரங்கு, இணையவழிப் படிப்பு, வகுப்பறைக்கே வந்து துணைநிற்கும் பயிற்றுநர், சக ஆசிரியர்கள் கூடிப் பாடத்தை ஆராயும் குழு என்று நான்கு வழிகள் நம்முன் இருக்கின்றன. நான்குக்கும் செலவு வேறு, பலன் வேறு, தடுமாறும் இடமும் வேறு.

எந்த அளவுகோலால் அவற்றை ஒப்பிடுவது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்த ஆசிரியரிடம் இரண்டு திறன்கள் இருக்க வேண்டும். ஒன்று, கருவியைப் பாடத்துக்குப் பொருத்தமாகப் பயன்படுத்தத் தெரிவது. மற்றொன்று, அந்தக் கருவி தம் மாணவர்களுக்கு உண்மையிலேயே உதவியதா என்று எடைபோட்டு, உதவாவிட்டால் அதை ஒதுக்கிவைக்கவும் தெரிவது. பெரும்பாலான பயிற்சிகள் முதல் திறனோடு நின்றுவிடுகின்றன. இவ்விரண்டையும் தனித்தனியே கற்பிக்க முடியாது, இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்காது என்பதே என் உறுதியான கருத்து. இந்த ஒப்பீடு முழுவதும் அந்த நிலையிலிருந்துதான் எழுதப்படுகிறது.

இதற்கு ஒரு கோட்பாட்டுப் பின்னணியும் உண்டு. பாடத்தை அறிந்திருப்பது ஒன்று, கற்பிக்கும் முறையை அறிந்திருப்பது மற்றொன்று, குறிப்பிட்ட ஒரு பாடப்பொருளைக் குறிப்பிட்ட மாணவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது என்ற அறிவு இவ்விரண்டும் கலந்த தனிவகை என்று கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதினார். புனியா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் அதனோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து, மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில்தான் ஆசிரியரின் உண்மையான திறன் இருக்கிறது என்று விரித்துரைத்தார்கள். மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் கம்பிகளை இழுத்து விளக்கை எரியவைக்கும் மெய்நிகர் ஆய்வகச் செயலியை ஆசிரியர் சரளமாக இயக்கலாம். மின்சுற்று பற்றியும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் திரையில் விளக்கை எரியவைத்த மாணவியிடம் உண்மையான ஒரு மின்கலம், ஒரு சிறு பல்பு, ஒரு துண்டுக் கம்பி ஆகியவற்றைக் கொடுத்தால், அவள் கம்பியைப் பல்பின் அடிமுனையில் மட்டும் தொட்டுவிட்டு ஏன் எரியவில்லை என்று விழிக்கக்கூடும். பல்புக்கு இரண்டு தொடுமுனைகள் உண்டு, ஒன்று அடியிலும் மற்றொன்று பக்கவாட்டு உலோகத்திலும் இருக்கிறது என்பதைச் செயலி அவளுக்குக் காட்டவே இல்லை; திரைப் படத்தில் இரு முனைகளும் தெளிவாகப் பிரித்து வரையப்பட்டிருந்தன. செயலியை இயக்கத் தெரிந்த ஆசிரியர் எல்லாருக்கும் இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை. எந்தப் பயிற்சி அதைக் காணவைக்கிறதோ அதற்குத்தான் நேரமும் பணமும் செலவிடப்பட வேண்டும்.

கருவியை மட்டும் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பெரு நாட்டின் அனுபவம் நல்ல சான்று. அங்கே கிராமப்புறப் பள்ளிகளில் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட அறிக்கை, கணினிப் பயன்பாடு வெகுவாக உயர்ந்தபோதிலும் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்ததற்கான சான்று இல்லை என்றே கண்டது. கருவி வந்து சேர்வதும் கற்றல் நிகழ்வதும் இருவேறு நிகழ்வுகள். இரண்டையும் இணைக்க வேண்டியவர் ஆசிரியர்.

முதலில் பயிலரங்கு. இதன் கவர்ச்சி வெளிப்படையானது. அறுபது பேரை ஒரே அரங்கில் அமரவைத்து, ஒரே நாளில், ஒரே கருத்தாளரைக் கொண்டு பயிற்சியை முடித்துவிடலாம். வருகைப் பதிவேடும் சான்றிதழும் அன்று மாலையே தயாராகிவிடும். ஒரு புதிய சாதனத்தை எப்படி இயக்குவது, கணக்கை எப்படித் திறப்பது, மாணவர் பெயர்களை எப்படிப் பதிவேற்றுவது போன்ற செயல்முறைகளைக் கற்பிக்க இது போதுமானது, சொல்லப்போனால் சிறந்ததும்கூட, ஏனென்றால் தடுமாறுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவரே உதவிவிடுகிறார்.

சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. நானே நடத்திய ஒரு பயிலரங்கைச் சொல்கிறேன். தொடுதிரைப் பலகையில் எழுதுவது, படத்தைப் பெரிதாக்குவது, பக்கங்களைச் சேமிப்பது என்று அன்று முழுவதும் பயிற்சி நடந்தது. கருத்துப் படிவங்களில் ஏறக்குறைய எல்லாரும் "மிக நன்று" என்று குறித்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, அதில் கலந்துகொண்ட ஓர் ஆசிரியரின் வகுப்புக்குச் சென்றேன். தொடுதிரைப் பலகை, பாடநூல் பக்கத்தைக் காட்டும் வெறும் திரையாக நின்றிருந்தது. அதன் அருகிலிருந்த கரும்பலகையில்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் அவர் சொன்னது இன்றும் என் நினைவில் இருக்கிறது: "சார், இதை எப்படி இயக்குவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் வகுப்பு அறிவியலில் எந்த இடத்தில், எதற்காக இயக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை." அந்த ஒரு நாளில் நாங்கள் எந்தப் பாடத்தையும் தொடவே இல்லை. அறுபது பேரும் வெவ்வேறு பாடங்களையும் வகுப்புகளையும் சேர்ந்தவர்கள் என்பதால் பொதுவான உதாரணங்களையே காட்டினோம். பொதுவான உதாரணங்கள் யாருடைய வகுப்புக்கும் உரியவையாக இருக்கவில்லை.

இது என் தனி அனுபவம் மட்டும் இல்லை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களின் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்திவந்த கருத்து இதுதான்: விளக்கவுரையும் செய்துகாட்டலும் அரங்கிலேயே செய்துபார்க்கும் பயிற்சியும் அறிவைத் தரும்; ஆனால் அந்த அறிவு வகுப்பறைக்குச் சென்று சேர வேண்டுமானால், அங்கே தொடர்ந்து துணைநிற்கும் ஒருவர் தேவை. பயிலரங்கு எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் இந்தக் கடைசி இணைப்பு அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

பயிலரங்கிலேயே ஒரு தனிவகை உண்டு: கருவியை விற்ற நிறுவனமே அனுப்பும் பயிற்றுநர் நடத்துவது. இது இலவசம் என்பதால் பள்ளிகள் விரும்பி ஏற்கின்றன. கருவியின் நுணுக்கங்கள் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கருவி எந்தப் பாடத்துக்குப் பொருந்தாது, எப்போது இதை அணைத்துவைக்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பை அவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமாகாது. எனவே அவரிடம் இயக்கக் கற்றுக்கொள்ளலாம். எடைபோடக் கற்றுக்கொள்ள வேறு இடம் தேட வேண்டும்.

இரண்டாவது வழியான இணையவழிப் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைவிலுள்ள பள்ளியின் ஆசிரியருக்கும் சென்று சேர்கிறது. புரியாத பகுதியை மீண்டும் பார்க்கலாம். ஒருமுறை நன்றாக உருவாக்கிவிட்டால் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தலாம். ஆனால் தொடங்குகிறவர்கள் பலர், முடிக்கிறவர்கள் மிகச் சிலர். எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய திறந்த இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஒரு கட்டுரை, 2017-18-இல் அவற்றில் பதிவுசெய்தவர்களுள் 3.13 சதவீதத்தினரே படிப்பை முடித்ததாகக் காட்டியது. அவை விருப்பத்தின்பேரில் சேர்ந்து படிப்பவை என்பதையும், ஆசிரியர்களுக்குக் கட்டாயமாக்கப்படும் படிப்புகளில் முடிப்போர் எண்ணிக்கை உயரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கட்டாயம் வந்தவுடன் வேறொரு சிக்கல் வருகிறது: காணொளி ஒருபுறம் ஓட, விடைத்தாள் மறுபுறம் திருத்தப்படும். அதற்கு ஆசிரியரைக் குறைசொல்வதில் பயனில்லை. அவருடைய வகுப்போடு தொடர்பில்லாத ஒன்றுக்கு அவருடைய மாலை நேரத்தைக் கேட்கிறோம். மாணவர் தரவுப் பாதுகாப்பு, பார்வைக்குறைபாடு உள்ள குழந்தைக்குத் திரை வாசிப்பானை (திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளை) அமைத்துக் கொடுப்பது போன்று எல்லாருக்கும் ஒரேமாதிரியாகத் தேவைப்படும் செய்திகளுக்கு இவ்வழியை வைத்துக்கொள்ளலாம். கற்பித்தலை மாற்றும் பொறுப்பை இதன் தலையில் ஏற்றக் கூடாது.

மூன்றாவது வழி, பயிற்றுநர் ஒருவர் ஆசிரியரின் வகுப்புக்கே வருவது. இருவரும் சேர்ந்து பாடக்குறிப்பைத் தயாரிக்கிறார்கள். ஆசிரியர் பாடம் நடத்தும்போது பயிற்றுநர் பின் பெஞ்சில் அமர்ந்து கவனிக்கிறார். அன்றே அல்லது மறுநாள் இருவரும் உட்கார்ந்து, நடந்ததைப் பேசுகிறார்கள். அடுத்த பாடத்துக்கு ஒரே ஒரு மாற்றத்தைத் தீர்மானிக்கிறார்கள். சில வாரங்களுக்கு இந்தச் சுற்று தொடர்கிறது. நான்கு வழிகளிலும் ஆய்வுச் சான்று மிகத் திடமாக இருப்பது இதற்குத்தான். மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகியோர் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பகுப்பாய்வு செய்து 2018-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய துணைநிலைப் பயிற்சியால் கற்பித்தலின் தரம் 0.49 திட்டவிலக்கமும் மாணவர் தேர்ச்சி 0.18 திட்டவிலக்கமும் உயர்ந்ததாகக் கண்டது. (திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு.) கல்வித் தலையீடுகளில் இவை சிறிய எண்கள் அல்ல. அந்த ஆய்வுகள் தொழில்நுட்பப் பயிற்சியை மட்டும் பற்றியவை அல்ல என்றாலும், ஆசிரியர் தம் வழக்கத்தை எப்படி மாற்றிக்கொள்கிறார் என்பது எல்லாப் பயிற்சிக்கும் பொதுவான கேள்விதான்.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. பயிற்றுநர் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதை விட்டுவிட்டு வாசிக்கக் கூடாது. திட்டம் பெரிதாகப் பெரிதாக, அதன் பலன் சுருங்கியது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. நல்ல பயிற்றுநர் என்பவர் பாடத்தையும் அறிந்து, கருவியையும் அறிந்து, மனம் நோகாமல் குறையைச் சுட்டிக்காட்டவும் தெரிந்தவர். அப்படிப்பட்ட பத்துப் பேரைக் கண்டுபிடிக்கலாம், ஆயிரம் பேரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. தகுதியானவர் கிடைக்காதபோது அந்த இடத்தில் கணினியில் ஆர்வமுள்ள ஒருவர் அமர்த்தப்படுகிறார். அவர் பார்வையில் கருவியைப் பயன்படுத்திய பாடமெல்லாம் நல்ல பாடம், பயன்படுத்தாத பாடமெல்லாம் பின்தங்கிய பாடம் ஆகிவிடுகிறது. இன்னொரு பொறியும் உண்டு. பயிற்றுநர் கவனித்து எழுதிய குறிப்பு ஒருமுறை தலைமையாசிரியரின் மேசைக்குச் சென்று ஆசிரியரின் பணி மதிப்பீட்டில் சேர்ந்துவிட்டால், அன்றோடு அந்தப் பயிற்சி முடிந்துவிடும். அதன்பிறகு பயிற்றுநர் வரும் நாளில் மட்டும் கருவி வெளியே எடுக்கப்படும். ஏற்கெனவே ஒத்திகை பார்த்த பாடம் மீண்டும் நடிக்கப்படும். பயிற்றுநரின் குறிப்பு ஆசிரியருக்கு மட்டுமே உரியது என்பதை எழுத்துமூலமாகவே உறுதிப்படுத்தாத பள்ளி இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நான்காவது வழி, சக ஆசிரியர்களின் பாட ஆய்வுக் குழு. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் இருக்கும் முறையிலிருந்து இது உலகெங்கும் பரவியது. ஒரே பாடத்தை நடத்தும் நான்கைந்து ஆசிரியர்கள் கூடி, மாணவர்களுக்குக் கடினமாக இருக்கும் ஒரு கருத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கான ஒரு பாடத்தைச் சேர்ந்து வடிவமைக்கிறார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் மாணவர்களைக் கவனிக்கிறார்கள். கவனிப்பது ஆசிரியரை அல்ல, மாணவர்களை என்பதுதான் இம்முறையின் உயிர்நாடி. பிறகு பாடத்தைத் திருத்தி, வேண்டுமானால் வேறொருவர் வேறொரு வகுப்பில் மீண்டும் நடத்துகிறார்.

இப்படியொரு குழுவோடு நான் இருந்த ஒரு நாளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னங்களை ஒப்பிடும் பாடம்; ஒரு வினாடிவினாச் செயலியைப் பயன்படுத்தினார்கள். திரையில் இரண்டு பின்னங்கள் தோன்றும். பெரியது எது என்று மாணவர் தொட வேண்டும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு, உடனே சரியான விடையும் தெரியும். பாடத்தின் முடிவில் ஆசிரியரின் திரையில் வந்த அறிக்கையில் ஏறத்தாழ எல்லாப் பெயர்களுக்கும் நேரே பச்சைக் குறி இருந்தது. கவனித்துக்கொண்டிருந்த ஆசிரியைகளில் ஒருவர் மட்டும் ஒரு மாணவியின் அருகிலேயே அமர்ந்து, அவள் தொட்ட ஒவ்வொரு விடையையும் தம் நோட்டில் வரிசையாக எழுதியிருந்தார். முதல் கேள்வியில் 1/3, 1/4 இரண்டில் 1/4 பெரியது என்று தொட்டாள், சிவப்பு வந்தது. இரண்டாவதில் 1/5, 1/2. சற்றுத் தயங்கி 1/2-ஐத் தொட்டாள், பச்சை. அதன்பிறகு ஒருமுறைகூட அவள் தயங்கவில்லை. கீழே சிறிய எண் இருப்பதைத் தொட வேண்டும் என்ற விதியை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கேள்வித் தொகுப்பில் எல்லாப் பின்னங்களுக்கும் மேலே 1 மட்டுமே இருந்ததால் அந்த விதி கடைசிவரை பொய்க்கவே இல்லை.

மறுநாள் அதே வகுப்பில், செயலி இல்லாமல், காகிதத்தில் ஒரே ஒரு கேள்வி கொடுத்தார்கள்: 3/4, 1/2 இரண்டில் பெரியது எது, படம் வரைந்து காட்டுக. முந்தைய நாள் பச்சைக் குறி பெற்றவர்களில் பலர் 1/2 என்று எழுதினார்கள். செயலி தவறு செய்யவில்லை; அதனிடம் கேட்கப்பட்டதற்குச் சரியான கணக்கைத்தான் கொடுத்தது. ஆனால் அந்த அறிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஆசிரியர்கள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள். அதற்குப் பதிலாக அன்று மாலையே அவர்கள் இரண்டு முடிவுகளை எடுத்தார்கள்: காகிதப் பட்டைகளை மடித்து ஒப்பிடும் வேலை முதலில் வர வேண்டும், செயலி அதற்குப் பிறகுதான்; செயலியில் ஏற்கெனவே இருக்கும் கேள்விகளை விட்டுவிட்டு, மேல் எண் மாறும் கேள்விகளைத் தாங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். பயன்படுத்துவதும் எடைபோடுவதும் ஒரே செயலின் இரு பகுதிகள் என்று நான் சொல்வது இதைத்தான். அந்த ஆசிரியர்களுக்கு மதிப்பீடு பற்றி யாரும் வகுப்பெடுக்கவில்லை. ஒரு மாணவியின் விரல் எங்கே தொட்டது என்று பார்த்து எழுதியதே மதிப்பீடாயிற்று.

இந்த வழிக்கும் பலவீனங்கள் உண்டு. குழுவில் எல்லாருக்கும் ஒரே தவறான புரிதல் இருந்தால் அது இன்னும் உறுதிப்பட்டுவிடும். மூத்த ஆசிரியர் நடத்திய பாடத்தில் இளையவர் குறைகாணத் தயங்குவார். "எல்லாம் நன்றாக இருந்தது" என்று பேச்சு முடிந்துவிடும். ஜப்பானில் வெளியிலிருந்து பாட அறிவு மிக்க ஒருவரை அழைத்து, விவாதத்தின் முடிவில் அவரைப் பேசவைக்கும் வழக்கம் இருப்பது இதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம்: நால்வரும் ஒரே பாடவேளையில் விடுபட்டு ஒரு வகுப்பில் அமர வேண்டுமானால் கால அட்டவணையையே மாற்ற வேண்டும். ஆசிரியர்கள் தங்கள் ஓய்வுப் பாடவேளையில் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடும் பள்ளியில் இது இரண்டு மாதம்கூட நீடிக்காது. நீடிக்காததற்கு ஆசிரியர்களின் ஆர்வமின்மை காரணம் என்று பின்னர் சொல்லப்படும். அப்படிச் சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது.

எடைபோடும் திறன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதற்குள் அடங்குபவை எவை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவியைப் பயன்படுத்தும்போது மாணவர் எதைப் பற்றிச் சிந்திக்கிறார் என்பது முதல் கேள்வி. பின்னப் பாடத்தில் நாம் பார்த்தது அதுவே. இரண்டாவது, இதே பாடத்தைக் கருவி இல்லாமல் இதே அளவு கவனத்தோடு நடத்தினால் என்ன நிகழும் என்ற ஒப்பீடு. புதிய கருவி வரும்போது ஆசிரியர் வழக்கத்தைவிட அதிகமாகத் தயாரித்துக்கொண்டு வருகிறார், மாணவர்களும் புதுமையால் ஈர்க்கப்படுகிறார்கள். பலன் தெரிந்தால் அது கருவியின் பலனா, தயாரிப்பின் பலனா, புதுமையின் பலனா என்று பிரித்தறிவது கடினம். கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இலேயே இந்த எச்சரிக்கையை எழுப்பினார்: ஊடகம் என்பது பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டி மட்டுமே, மளிகைப் பொருளை ஏற்றிவரும் வண்டியால் நம் உடலின் ஊட்டம் மாறாதது போல ஊடகத்தால் மட்டும் கற்றல் மாறாது என்றார். அந்த வாதத்தை ராபர்ட் கோஸ்மா போன்றோர் மறுத்தார்கள்; சில ஊடகங்கள் வேறெதனாலும் முடியாததைச் செய்கின்றன என்பது அவர்கள் பக்கம். எனக்கு இருவரும் தேவைப்படுகிறார்கள். ஒரு கோளத்தைச் சுழற்றிக் காட்டுவதைக் கரும்பலகையால் செய்ய முடியாது. ஆனால் பாடநூல் பக்கத்தைத் திரையில் காட்டுவதற்கு விலை உயர்ந்த பலகை தேவையில்லை.

இந்த இடத்தில் பயிற்சிகளில் அடிக்கடி காட்டப்படும் ரூபன் புவென்டெடுராவின் நான்கு படிநிலைகளைப் பற்றி ஒரு சொல். கருவி பழைய முறைக்குப் பதிலாக நிற்பது, அதைச் சற்று மேம்படுத்துவது, பாடத்தையே மாற்றியமைப்பது, முன்பு இயலாததை இயலச்செய்வது என்ற அந்த வரிசை, யோசிக்க உதவும் ஒரு சட்டகம். அதை ஏணியாக எண்ணி, மேல்படியில் நிற்கும் பாடமே சிறந்தது என்று மதிப்பெண் போடத் தொடங்கினால் தீமையே விளையும். காகிதப் பட்டையை மடிக்கும் பாடம் அந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை. அன்றைய வகுப்புக்கு அதுதான் தேவைப்பட்டது.

மூன்றாவது கேள்வி சான்று பற்றியது. கருவி பலன் தரும் என்று யார் சொன்னார்கள், எந்த மாணவர்களிடம் சோதித்தார்கள்? யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை தரும் சில எண்கள் இங்கே கவனிக்கத்தக்கவை. பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 சதவீதமே சமவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சோதனைகளை, அதாவது கருவியைப் பெறுவோரையும் பெறாதோரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சோதனைகளை, நடத்தியிருந்தன. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், வாங்குவதற்கு முன் துறை வல்லுநர்கள் சரிபார்த்த ஆய்வுச் சான்றைக் கேட்டவர்கள் 11 சதவீதமே. விற்பவரும் சோதிக்கவில்லை, வாங்குபவரும் கேட்கவில்லை என்றால், சோதனை நடப்பது குழந்தைகளின் மீதுதான். நான்காவது கேள்வி மாணவர் தரவு. பெருந்தொற்றுக் காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட 163 கல்விக் கருவிகளில் 89 சதவீதம் குழந்தைகளைக் கண்காணிக்கக்கூடியவையாக இருந்தன என்று அதே அறிக்கை சுட்டுகிறது. ஒரு செயலி மாணவரின் பெயர், முகம், இருப்பிடம் ஆகியவற்றில் எதைக் கேட்கிறது, கேட்பது பாடத்துக்குத் தேவையா என்று பார்க்க ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது ஒரு மணிநேரத்தில் கற்பிக்கக்கூடியதே.

அந்த அறிக்கையின் இன்னொரு எண், இந்த ஒப்பீட்டுக்கே அடிப்படையாக அமைகிறது: கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. பணியில் சேருமுன் ஆசிரியர் கல்லூரியில் கற்ற கருவி, அவர் மூன்றாவது ஆண்டு பாடம் நடத்தும்போது அதே வடிவில் இருக்காது. ஆகவே இயக்கும் பயிற்சிக்கு ஆயுள் குறைவு. எடைபோடும் பழக்கத்துக்கு ஆயுள் அதிகம். பயிற்சி நேரத்தைப் பகிரும்போது இந்த வேறுபாட்டைப் பார்த்தே பகிர வேண்டும்.

இனித் தேர்வு. என் பரிந்துரையை நேராகவே சொல்கிறேன். ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் மூவருக்கு மேல் இருக்கும் பள்ளி, பாட ஆய்வுக் குழுவையே முதுகெலும்பாகக் கொள்ள வேண்டும். பயிலரங்கை அரை நாளுக்குச் சுருக்கி, கருவியை இயக்கக் கற்பிப்பதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். மிச்சமாகும் பணத்தில் பாட அறிவுள்ள பயிற்றுநர் ஒருவரைப் பருவத்துக்கு இரண்டு மூன்று முறை குழுவின் விவாதத்துக்கு அழைக்க வேண்டும். பயிற்றுநர்கள் அரிது என்பதால், ஓர் ஆசிரியரோடு மட்டும் அவர் செலவிடும் மணிநேரத்தைவிட ஒரு குழுவோடு செலவிடும் மணிநேரம் அதிகப் பலன் தரும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் மட்டுமே உள்ள சிறு பள்ளிக்கு இது பொருந்தாது. அங்கே அருகிலுள்ள பள்ளிகளோடு சேர்ந்து குழு அமைத்து, பாடத்தின் காணொளிப் பதிவையும் மாணவர்களின் விடைத்தாள் படங்களையும் பகிர்ந்து இணையவழியில் விவாதிக்கலாம். நேரில் அமர்வதற்கு அது ஈடாகாது என்றாலும், தனியே இருப்பதைவிட மேல். புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கும், கருவியைக் கண்டாலே ஒதுங்கிக்கொள்ளும் ஆசிரியருக்கும் மட்டும் தனிப் பயிற்றுநரின் துணையை முதல் சில வாரங்களுக்கு ஒதுக்கலாம். குழுவின் முன் தடுமாற அஞ்சுகிறவருக்கு இருவர் மட்டும் பேசும் அறை தேவைப்படுகிறது.

கட்டாயமாக அடுத்த மாதத்துக்குள் எல்லாருக்கும் பயிற்சி முடிந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் நிர்வாகம், வேறு வழியின்றிப் பயிலரங்கையே நடத்தும். அப்போதும் ஒரு மாற்றத்தைச் செய்ய முடியும். அரங்கில் பாடவாரியாக அமரச்செய்து, ஒவ்வொருவரும் அடுத்த வாரம் உண்மையில் நடத்தப்போகும் ஒரு பாடத்தைக் கொண்டுவரும்படி கேட்கலாம். மாலையில் சான்றிதழ் கொடுப்பதற்குப் பதிலாக, அந்தப் பாடத்தை நடத்தி ஐந்து மாணவர்களின் வேலையோடு திரும்பி வரும் நாளில் கொடுக்கலாம்.

தேர்ந்தெடுத்த வழி பலன் தருகிறதா என்பதை அறிய, கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி வகுத்த ஐந்து நிலைகள் உதவும்: பங்கேற்றவர் என்ன நினைத்தார், என்ன கற்றார், பள்ளி அவருக்கு என்ன ஆதரவு தந்தது, வகுப்பில் அதைப் பயன்படுத்தினாரா, மாணவர்களிடம் என்ன மாறியது. கருத்துப் படிவம் முதல் நிலையை மட்டுமே அளக்கிறது. மூன்றாவது நிலையைத்தான் பள்ளிகள் பெரும்பாலும் தாண்டிப் போகின்றன. ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை, மின்கம்பி நீளம் போதவில்லை, கடவுச்சொல் வேறொருவரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த நிலையில்தான் வெளிப்படும். கஸ்கி 1986-இல் முன்வைத்த இன்னொரு கருத்தும் நினைவில் கொள்ளத்தக்கது: ஆசிரியரின் நம்பிக்கை முதலில் மாறி, அதன்பின் அவர் பழக்கம் மாறுவதில்லை, பழக்கத்தைச் சற்று மாற்றி, மாணவர்களிடம் பலனைக் கண்ட பிறகே அவர் நம்பிக்கை மாறுகிறது. ஊக்க உரைகளுக்கு ஒதுக்கும் நேரத்தை முதல் பாடத்துக்கு ஒதுக்குவது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஆசிரியர்கள் எடைபோட்டு, இந்தச் செயலி எங்கள் மாணவர்களுக்கு உதவவில்லை என்று கண்டால், அந்த முடிவு எங்கே போகும்? அது குழுவின் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிட்டால், அடுத்த ஆண்டும் அதே உரிமம் புதுப்பிக்கப்படும். ஆசிரியர்களும் இனி எடைபோடுவதில் பொருளில்லை என்று கற்றுக்கொள்வார்கள். எனவே பயிற்சித் திட்டத்தை வகுக்கும் நாளிலேயே உரிமம் புதுப்பிக்கும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒவ்வொரு பாடக் குழுவும் கருவியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பை, அதனோடு இணைத்த மாணவர் வேலைகளோடு, வாங்கும் முடிவை எடுக்கும் குழுவின் முன் வைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவரும் அமர வேண்டும்.